தலைவர் இல்லாத ஊர்

காட்டில் வாழும் மக்களைத் தேடிப் போகிற வெளியாட்கள் பலவிதம். வெள்ளைக்கார துரை, பாதிரியார், வனத்துறை ரேஞ்சர், திட்ட அதிகாரி. எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி மட்டும் ஒன்றுதான்: “உங்க தலைவர் யாரு?”

கேட்பதில் தவறில்லை. பேசுவதற்கு ஓர் ஆள் வேண்டும். அரிசியும் துணியும் வாங்கிக்கொள்ள, காகிதத்தில் கைநாட்டு வைக்க, நாளை தகராறு என்றால் பிடித்துக் கேட்க ஓர் ஆள் வேண்டும். பஞ்சாயத்து, தாலுகா, மாவட்டம், டெல்லி என்று படிப்படியாகத் தலைவர்களை வைத்துக்கொண்டு வாழ்கிற நமக்கு, தலைவரே இல்லாத ஓர் ஊரைக் கற்பனை செய்வது கஷ்டம்.

ரிச்சர்ட் லீ என்ற மானுடவியலாளரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். 1963ல் ஆப்பிரிக்காவின் கலஹாரி பாலைவனத்துக்குப் போய், குங் என்று அழைக்கப்பட்ட வேட்டை மக்களோடு தங்கியவர் அவர். அங்கே வயதானவர்கள் இருந்தார்கள், கெட்டிக்கார வேட்டைக்காரர்கள் இருந்தார்கள், நன்றாகப் பேசத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். தலைவர் மட்டும் அகப்படவில்லை. கடைசியில் ஒரு பெரியவர் குறும்பாக விளக்கம் சொன்னார்: தலைவர்கள் இல்லாமல் என்ன, நாங்கள் எல்லோருமே தலைவர்கள்தான், ஒவ்வொருவரும் அவரவருக்குத் தலைவர்.

வேடிக்கைப் பேச்சு போலத் தோன்றும். ஆனால் மனித குலத்தின் மிகப் பழைய அரசியல் சாசனங்களில் இதுவும் ஒன்று. நம் இனம் தோன்றி ஏறக்குறைய 3 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. விவசாயம் தொடங்கிச் சுமார் 12,000 ஆண்டுகள்தான் ஆகின்றன. மீதிக் காலம் முழுவதும் வேட்டையாடியும் மீன் பிடித்தும் கிழங்கு தோண்டியும் தேன் எடுத்தும்தான் மனிதன் பிழைத்தான். அப்படி வாழ்கிறவர்களின் மிச்சம் இந்தியாவிலும் உண்டு. அந்தமான் நிகோபாரின் ஜாரவா, ஓங்கே, சென்டினலியர், ஷோம்பென், ஆந்திர, தெலுங்கானாக் காடுகளின் செஞ்சு, ஜார்க்கண்டின் பிர்ஹோர், நீலகிரி, வயநாடு பக்கத்துக் காட்டுநாயக்கர், நிலம்பூர் காட்டின் சோலநாயக்கர், பழனி மலையின் பளியர். இவர்களில் பலர் இப்போது கூலி வேலைக்கும் போகிறார்கள், ரேஷனும் வாங்குகிறார்கள். ஆனாலும் ஒருவர்மேல் ஒருவர் அதிகாரம் செலுத்தாமல் வாழும் பழக்கம் அவர்களைவிட்டு எளிதில் போவதில்லை.

அந்தமானில் 1906 முதல் 1908 வரை ஆய்வு செய்த ராட்க்ளிஃப் பிரவுன், அந்த மக்களிடம் அரசாங்கம் என்று சொல்லத்தக்க அமைப்பு எதுவும் இல்லை என்று எழுதினார். வயதுக்கு மரியாதை உண்டு. வேட்டைத் திறமைக்கும், தாராள குணத்துக்கும், கோபப்படாத சுபாவத்துக்கும் மரியாதை உண்டு. அப்படிப்பட்டவர் சொன்னால் மற்றவர்கள் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. குழந்தைகள் விஷயம் இன்னும் விசேஷம். ஆறேழு வயதுக்கு மேல் பிள்ளைகள் பெற்றோருடனே இருப்பது அபூர்வம். விருந்தாளியாக வந்தவர், “உங்க பையனை எங்ககூட அனுப்புங்க” என்று கேட்பார். கேட்பது மரியாதை, கொடுப்பது நட்பு. இப்படிப் பிள்ளைகள் கைமாறிக்கொண்டே இருந்ததால் ஒரு முகாமுக்கும் இன்னொரு முகாமுக்கும் உறவு நீடித்தது.

இதையெல்லாம் கேட்டு, ஆதி மனிதன் வெள்ளை மனசுக்காரன், பொறாமை தெரியாதவன் என்று உருகுகிறவர்கள் உண்டு. அவர்கள் விஷயத்தைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சமத்துவம் அங்கே தானாக முளைத்துக் கிடக்கவில்லை. தினமும் பாடுபட்டு அதைக் காப்பாற்றுகிறார்கள். அதற்கு அவர்களிடம் மூன்று வழிகள் உண்டு: பங்கு கேட்பது, கேலி செய்வது, விலகிப் போவது.

முதலில் பங்கு. அடித்த மானை வேட்டைக்காரன் ‘தானம்’ செய்வதில்லை. மற்றவர்கள் கேட்டு வாங்குகிறார்கள். கேட்பது அங்கே பிச்சை அல்ல, உரிமை. கொடுப்பதும் தயவு அல்ல, கடமை. ஆகவே கொடுத்தவனுக்கு நன்றி சொல்லும் வழக்கமும் பெரிதாக இல்லை. குங் மக்களிடம் ஒரு சாமர்த்தியமான விதி உண்டு. மிருகம், அதை எய்தவனுக்குச் சொந்தமல்ல. முதலில் தைத்த அம்புக்குச் சொந்தக்காரருக்கு உரியது. அம்புகளோ ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கி எங்கெங்கோ சுற்றுகின்றன. ஆகவே வேட்டைக்கே போகாத ஒரு கிழவர் இறைச்சியைப் பிரித்துக்கொடுக்கும் பெருமையை அடையலாம். தான்சானியாவின் ஹாட்ஸா மக்கள் இதே காரியத்தைச் சூதாட்டத்தின் மூலம் செய்கிறார்கள். இரும்பு முனை அம்பு, கத்தி போன்றவற்றைப் பந்தயம் வைத்து ஆண்கள் ஆடுகிறார்கள். இன்று ஜெயித்தவன் நாளை தோற்கிறான். யாரிடமும் சொத்து சேருவதில்லை. நம் ஊரில் சூதாட்டம் சமத்துவத்துக்கு உதவியதாகக் கேள்விப்பட்டதில்லை!

அடுத்தது கேலி. லீ ஒரு கிறிஸ்துமஸுக்கு, தன்னோடு பழகிய குங் மக்களுக்கு விருந்து வைக்க நினைத்து, அந்த வட்டாரத்திலேயே பெரிய எருதாகப் பார்த்து விலைக்கு வாங்கினார். பார்த்தவர்கள் எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். வெறும் எலும்புக்கூடு, கொம்பைத்தான் தின்ன வேண்டும், இதற்காகச் சண்டை வரப்போகிறது என்று ஆளாளுக்கு அளந்தார்கள். மனுஷன் நொந்து போனார். அறுத்துப் பார்த்தால் கொழுப்பு வழிந்தது. இரண்டு நாள் ஆடிப் பாடித் தின்றார்கள். பிறகுதான் விளக்கம் கிடைத்தது. பெரிய வேட்டையோடு வரும் தங்கள் இளைஞர்களையும் அவர்கள் இப்படித்தான் மட்டம் தட்டுகிறார்கள். புகழ்ந்தால் தலைக்கனம் வரும். தலைக்கனம் வந்தால் தன்னைத் தலைவன் என்றும் மற்றவர்களை வேலைக்காரர்கள் என்றும் நினைப்பான். அப்படிப்பட்டவன் ஒருநாள் யாரையாவது கொன்றுவிடுவான். அதனால் வேட்டைக்காரனும் நல்ல வேட்டை கிடைத்த நாளில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதுபோல் வந்து உட்காருகிறான். கட் அவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்து பழகியவர்களுக்கு இது கொஞ்சம் புதுமைதான்.

மூன்றாவது விலகிப் போவது. மூன்றிலும் முக்கியமானது இதுதான். நம்மில் யாராவது அடாவடி செய்தால் போலீசுக்குப் போகலாம், கோர்ட்டுக்குப் போகலாம், அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்ளலாம். அவர்கள் எழுந்து நடக்கிறார்கள். முகாம் என்பது சராசரியாக இருபத்தைந்து, முப்பது பேர். குடிசை கட்டச் சில மணி நேரம் போதும். தூக்கிச் செல்ல முடியாத சொத்து எதுவும் கிடையாது. அடுத்த முகாமில் அக்காவோ, மைத்துனனோ, சிநேகிதனோ இருப்பான். 32 வேட்டைச் சமூகங்களை ஒப்பிட்டு 2011ல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, ஒரு முகாமில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஒருவருக்கொருவர் ரத்த உறவே இல்லாதவர்கள். மணமான பின் மகனும் தங்கலாம், மகளும் தங்கலாம்; இருவரும் போகலாம். வருவதும் போவதும் அவரவர் இஷ்டம். யாருடைய அதிகாரம் பிடிக்கவில்லையோ, அவரைவிட்டு நடந்துவிட முடியும் என்கிற இடத்தில் அதிகாரம் வளர வழியில்லை.

பளியர் இதற்கு நல்ல உதாரணம். 1960களில் அவர்களோடு தங்கி ஆராய்ந்தவர் அமெரிக்கரான பீட்டர் கார்ட்னர். பளியர் பேசுவது தமிழ். யாரையும் ‘தரக்குறைவாக’ நடத்தக் கூடாது என்பது அவர்களுடைய முதல் ஒழுக்கம்; சிறு பிள்ளைக்கும் இது பொருந்தும். சண்டை மூளும் போலிருந்தால், அவமானப்பட்டவர்தான் முதலில் இடத்தைவிட்டு நகர்கிறார். திருப்பி அடிக்காதது கோழைத்தனம் அல்ல. அடிபணியவும் இல்லை, அடிக்கவும் இல்லை என்ற நிலை அது. அப்படி நகர்ந்து போனவர் பட்டினி கிடக்கப் போவதுமில்லை. போகிற மலையிலும் வள்ளிக்கிழங்கு இருக்கிறது.

உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. இவர்கள் விடிந்ததிலிருந்து இருட்டும் வரை இரை தேடி அலைகிறவர்கள் என்பது பழைய நினைப்பு. குங் மக்கள் உணவு தேடச் செலவிட்ட நேரத்தை 1964ல் லீ நாள்தோறும் குறித்துவைத்தார். வாரத்துக்கு இரண்டரை நாளுக்கும் குறைவாகவே வந்தது. சாப்பாட்டில் பெரும்பங்கு ஆண்கள் கொண்டுவந்த இறைச்சி அல்ல, பெண்கள் சேகரித்த கொட்டையும் கிழங்கும் பழமும்தான். 1966ல் சிகாகோவில் நடந்த ஒரு மாநாட்டில் இந்தக் கணக்கைக் கேட்ட மார்ஷல் சாலின்ஸ், செல்வச் செழிப்புள்ள முதல் சமூகம் இதுதான் என்று கூறி அறிஞர்களைத் திகைக்க வைத்தார். தேவை குறைவு, அது எளிதில் பூர்த்தியாகிறது. பிற்பாடு சமையல், கொட்டை உடைப்பது, ஆயுதம் செய்வது எல்லாம் சேர்த்துப் பார்த்தபோது வாரத்துக்கு நாற்பது மணி நேரத்தைத் தாண்டியது. வீட்டு வேலையையும் சேர்த்தால் நம் பெண்களின் கணக்கு என்ன என்று பார்த்துக்கொள்ளலாம்.

இந்த உழைப்புக்குப் பின்னால் இருக்கும் அறிவும் லேசானதல்ல. மலைத்தேனீயின் கூட்டைக் கலைக்க நாம் புகை போடுவோம். லிட்டில் அந்தமானின் ஓங்கேகள் ஏலக்காய்க் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியை மென்று, அந்தச் சாற்றை உடம்பில் பூசிக்கொண்டு, கூட்டின்மேலும் உமிழ்கிறார்கள். ஈக்கள் கொட்டாமல் ஒதுங்கிப் போகின்றன. சாவதுமில்லை.

சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. பிறந்த குழந்தைகளில் ஐந்தில் ஒன்று ஒரு வயதுக்குள் இறப்பது இந்தச் சமூகங்களில் சாதாரணம். பஞ்ச மாதங்கள் உண்டு. சாதுவானவர்கள் எனப் பெயரெடுத்த குங் மக்களிடையே 1920 முதல் 1955 வரை 22 கொலைகள் நடந்ததை லீ தாமே பதிவு செய்திருக்கிறார். வேட்டைச் சமூகம் என்றாலே சமத்துவம் என்பதும் இல்லை. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் சால்மன் மீனை உலர்த்திச் சேமித்து வாழ்ந்த மக்களிடையே பிரபுக்களும் இருந்தார்கள், அடிமைகளும் இருந்தார்கள். ஜேம்ஸ் வுட்பர்ன் 1982ல் சுட்டிக்காட்டிய வித்தியாசம் இதுதான்: கிடைத்ததை அன்றே பகிர்ந்து உண்கிறவர்களிடம் சமத்துவம் நிற்கிறது, சேமிக்க ஆரம்பித்ததும் சேமிப்புக்குக் காவல் வருகிறது, காவலுக்குத் தலைவன் வருகிறான். அன்றே உண்கிறவர்களின் பட்டியலில் அவர் சேர்த்த பெயர்களில் பளியரும் ஒன்று.

இனி நம் நாட்டில் நடந்ததற்கு வருவோம். பகிர்வையும் கேலியையும் வெளியாட்கள் நேரடியாகத் தொட முடியாது. மூன்றாவதைத் தொடலாம். காட்டைக் குறைத்தால் போதும்.

1858ல் போர்ட் பிளேரில் பிரிட்டிஷார் தண்டனைக் குடியேற்றம் அமைத்தபோது கிரேட் அந்தமானியர் 5,000 பேர் வரை இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். 1863ல் ‘அந்தமான் இல்லம்’ என்று ஒன்றைத் திறந்து அவர்களை ஒரே இடத்தில் கூட்டி வைத்தார்கள். உணவு கொடுத்தார்கள், நாகரிகம் கற்பித்தார்கள். கூடிய இடத்தில் நோய் பரவியது. 1877ல் அம்மை, அதன் பின்னும் முன்னும் மேகநோய். 1901ல் 625 பேர். 1961ல் 19 பேர். எஞ்சியவர்களை 1970 வாக்கில் ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தினார்கள். அவர்களுக்கு ‘ராஜா’ என்று ஒருவரும் இருந்தார். குடிகள் மறைந்துகொண்டிருந்தபோது பட்டம் மட்டும் நின்றது. 2010 ஜனவரியில் போவா சீனியர் என்ற மூதாட்டி இறந்தபோது, ‘போ’ மொழி பேசத் தெரிந்த கடைசி ஆளும் போனார்.

சுதந்திர இந்தியா கொடுமைக்காரத் துரைகளின் வழியில் போகவில்லை. பழங்குடிப் பாதுகாப்புக்கென 1956ல் தனி ஒழுங்குமுறைச் சட்டமே வந்தது. ஆனால் லிட்டில் அந்தமானில் நடந்ததைப் பாருங்கள். 1960களின் பின்பகுதியிலிருந்து கிழக்குப் பாகிஸ்தான் அகதிகள் முதலானோர் அங்கே குடியேற்றப்பட்டார்கள். மரம் வெட்டினார்கள், எண்ணெய்ப் பனைத் தோட்டம் போட்டார்கள். தீவு முழுக்கச் சுற்றித் திரிந்த ஓங்கேகளை 1970களில் டுகாங் கிரீக், சவுத் பே என்ற இரண்டு இடங்களில் வீடு கட்டி உட்கார வைத்தார்கள். அரிசி, சர்க்கரை, தேயிலை, பால் பவுடர் கொடுத்தார்கள். தென்னந்தோப்பில் வேலையும் கொடுத்தார்கள். அதில் அவர்கள் ஆர்வம் காட்டவில்லை. சோம்பேறிகள் என்று பெயர் வாங்கினார்கள். 1901ல் 672 என்று மதிப்பிடப்பட்ட ஓங்கேகள் 2011ல் 101 பேர். 2004 டிசம்பரில் கடல் பின்வாங்கியதைப் பார்த்ததும் மேட்டுக்கு ஓடிச் சுனாமியிலிருந்து தப்பியவர்கள் இவர்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, 2008 டிசம்பரில், கரை ஒதுங்கிய கேனில் இருந்த திரவத்தைச் சாராயம் என்று குடித்து எட்டுப் பேர் இறந்தார்கள். பேரலையிலிருந்து தப்ப அவர்களுக்குப் பாட்டன் காலத்து அறிவு இருந்தது. கேனிலிருந்து தப்ப எந்தப் பாட்டனும் சொல்லித் தரவில்லை.

ஜாரவாக்களின் கதை இன்னும் முடியாதது. அவர்களது காட்டைக் கிழித்துக்கொண்டு அந்தமான் டிரங்க் ரோடு போனது. அம்பெய்து எதிர்த்து வந்தவர்கள் 1997ன் கடைசியிலிருந்து பகலில் ஆயுதமின்றி வெளியே வர ஆரம்பித்தார்கள். 1999ல் அம்மை கண்டது. காட்டுக்குள் போகும் பகுதியில் சாலையை மூட வேண்டும் என்று 2002ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் வாகன அணிகள் ஓடின. உணவுக்காக ஜாரவாப் பெண்களை ஆடச் சொல்லும் வீடியோ 2012 ஜனவரியில் வெளிவந்து உலகம் முழுக்க நம் மானத்தை வாங்கியது. 2001ல் 240 ஆக இருந்த ஜாரவாக்கள் 2011ல் 380 ஆகப் பெருகியிருப்பது நல்ல செய்தி. அவர்களிடம் இன்னும் காடு இருக்கிறது என்பதை இதோடு சேர்த்து நினைக்க வேண்டும்.

இப்போது கேள்வி கிரேட் நிகோபாருக்கு வந்திருக்கிறது. துறைமுகம், விமான நிலையம், மின் நிலையம், நகரம் என்று அங்கே வரவிருக்கும் பெருந்திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி தரப்பட்டது. சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு திட்டத்துக்கு வேண்டும். சுமார் 8,000 பேர் வாழ்ந்த தீவில், முப்பது ஆண்டுகளில் மூன்றரை லட்சம் பேர் இருப்பார்கள் என்பது திட்ட ஆவணத்தின் எதிர்பார்ப்பு. அந்தக் காட்டில்தான் ஷோம்பென்கள் திரிகிறார்கள். 2011 கணக்குப்படி 229 பேர். அவர்களை யாரும் வெளியேற்றப் போவதில்லை என்கிறது அரசு. நிகோபாரியரின் பழங்குடி மன்றம் முதலில் சம்மதக் கடிதம் கொடுத்து, பிறகு 2022 நவம்பரில் அதைத் திரும்பப் பெற்றது. அவர்களிடமாவது மன்றம் இருந்தது, தலைவர் இருந்தார், கடிதத் தாள் இருந்தது.

ஷோம்பென்களின் சம்மதத்தை எப்படி வாங்குவது? 2006ன் வன உரிமைச் சட்டம் கிராம சபையைக் கேட்கச் சொல்கிறது. சபை கூடி, ஒருவர் தலைமை தாங்கி, கைதூக்கி முடிவெடுத்துப் பழகாதவர்களிடம் கிராம சபை எங்கே இருக்கிறது? நாம் கண்ணியமாக எழுதிவைத்த சட்டமும் சுற்றி வளைத்து அதே கேள்வியைத்தான் கேட்கிறது: உங்க தலைவர் யாரு? பதில் வராவிட்டால், அவர்கள் சார்பில் பேச அதிகாரியே முன்வந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது.

தலைவர் இல்லாத மக்களுக்கும் சம்மதமும் மறுப்பும் உண்டு. அவர்கள் வாக்குச் சீட்டால் சொல்வதில்லை, காலால் சொல்கிறார்கள். ஒருவர் வருகிறார் என்றால் நெருங்கி வருகிறார்களா, உள்காட்டுக்கு நகர்கிறார்களா என்பதுதான் அவர்களுடைய ஓட்டு. அதை எண்ணத் தெரிந்தால் போதும். வடக்கு சென்டினல் தீவில் நாம் எண்ணக் கற்றுக்கொண்டோம். 1991ல் அந்தத் தீவுக்காரர்கள் முதல் முறையாக நம் குழுவின் கையிலிருந்தே தேங்காய் வாங்கிக்கொண்டார்கள். வெற்றி என்று கொண்டாடியிருக்கலாம். ஆனால் அந்த 1990களிலேயே பரிசுப் பயணங்களை அரசு நிறுத்திவிட்டது. சுனாமிக்குப் பின் பார்க்கப் போன ஹெலிகாப்டரை நோக்கி ஒருவர் அம்பெய்தார். பிழைத்திருக்கிறார்கள், வரவேண்டாம் என்கிறார்கள் என்று புரிந்துகொண்டு ஹெலிகாப்டர் திரும்பியது. 2018ல் தடையை மீறி அங்கே மதம் பரப்பப் போன அமெரிக்க இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டபோதும் அரசு அந்தத் தீவுக்குள் படையை அனுப்பவில்லை. வல்லரசுக் கனவு காணும் ஒரு நாடு, சில டஜன் பேர் சொன்ன ‘வேண்டாம்’ என்ற வார்த்தைக்குக் கட்டுப்பட்டது சாதாரண விஷயமல்ல.

சென்டினலியருக்குக் கடல் வேலியாக இருக்கிறது. ஷோம்பென்களுக்கும் ஜாரவாக்களுக்கும் இருப்பது காடு மட்டும். அரிசி கொடுத்து, ஆஸ்பத்திரி கட்டி, ஒரு ஆளையும் சாகவிடாமல் பார்த்துக்கொண்டாலும், விலகிப் போக இடம் இல்லாமல் செய்துவிட்டால் அந்தச் சமூகம் முடிந்தது. நகர முடியாதவர்கள் ஒருவருக்கொருவர் பணியத் தொடங்குவார்கள். பிறகு தலைவர் கட்டாயம் கிடைப்பார். நாம் நீட்டும் காகிதத்தில் அவர் கைநாட்டும் வைப்பார்.